காற்றா, சாவா

எங்கள் ஊர்ப் படகுத்துறையில் இரண்டு மூங்கில் கழிகள் நடப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மஞ்சள் தடவி வேப்பிலைக் கொத்துகள் செருகிய ஒரு வலைக்கயிறு நெஞ்சு உயரத்தில் கட்டிக் கிடந்தது. ஊரெல்லாம் நோய் என்று உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருஷம், எங்கள் ஊர்த் தலைவர் தன் கையாலேயே அதைக் கட்டினார். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா புருஷன். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, "அம்மாவுக்கு காப்பு கட்டியாச்சி. ஊர்ல இருக்கறவங்க வெளிய போவக்கூடாது, வெளிய இருக்கறவங்க உள்ள வரக்கூடாது" என்று சொன்னார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி எங்கள் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

காப்பு என்பது எங்கள் கங்கையம்மன் திருவிழாவுக்குக் கட்டுவது. கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். கூழ் ஊற்றி முடிந்த பிறகு, கட்டின கையே அவிழ்த்து அதைத் தண்ணீரில் விட வேண்டும். இது கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கட்டு. பழவேற்காட்டுச் சாலையில் போலீஸ் இரும்புத் தட்டி வைத்தபோது எங்கள் ஆண்கள் சிரித்தார்கள். ஏரியில் வாழ்கிறவனை ரோட்டில் மறித்தால் என்ன ஆகும்? படகில் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஆனால் அம்மன் கயிற்றைத் தாண்ட ஒருவருக்கும் கால் வரவில்லை. தலைவருக்கு அது தெரியும். தெரிந்துதான் கட்டினார். கொடியேற்றம் இல்லை, கூழ் இல்லை, பூசாரியிடம் ஒரு வாக்குக் கேட்கவில்லை. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் நான் வாயில் சோறு வைத்தது கிடையாது. அரசாங்கத்து உத்தரவுக்கு அம்மாவின் பேரை இரவல் கொடுக்கலாமா என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் பாடு பற்றியது. ஏரியில் எறா, அதாவது இறால், நிற்கும் இடங்களை நாங்கள் பாடு என்போம். அதில் வலை கட்ட ஊருக்குள் முறை உண்டு. ஒரு கூட்டத்துக்குப் பின் இன்னொரு கூட்டம் போகும். தன் முறையைத்தான் பாடு வந்தது, பாடு போனது என்று சொல்வார்கள். எங்கள் கூட்டத்துக்குப் பாடு வருவதற்கு முதல் நாள் காலையில் அந்தக் கயிறு ஏறியது. எங்களுக்கு அடுத்த முறை யாருடையது? தலைவர் கூட்டத்துடையது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் படிப்பு தேவையில்லை. வலையைத் தைத்துக் காயவைத்து, கயிற்றுக்கு மெழுகு பூசி நின்ற என் வீட்டுக்காரர் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். "நம்ம பாடு வர்ற அன்னிக்குதான் அம்மா வரணுமா?" என்று மட்டும் கேட்டார். நானும் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். பொன்னேரிக்குப் போகும் பஸ் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. மீனும் இல்லை, சந்தையும் இல்லை. உலையில் போடுவதற்கு எங்கள் பாட்டைத் தவிர எதையும் நாங்கள் நம்பியிருக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் அவர் தூங்குவதைப் பக்கத்து வீட்டிலிருந்தே கேட்கலாம். இந்த நோய் நெஞ்சைத்தான் பிடிக்கிறது என்று வீடு வீடாக வந்த நர்ஸம்மா சொன்னார். காய்ச்சல் பார்க்கும் சின்னக் கருவியை அந்த அம்மா நெற்றிக்கு நேரே நீட்டியபோது, துப்பாக்கியை நீட்டியது போல இவர் பின்வாங்கினார். ஆக, கயிறு இருக்கட்டும் என்று ஒரு மனம் சொல்லும்; பாடு போகிறதே என்று ஒரு மனம் அடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருந்தன.

போன பாடு போனதுதானா என்று கேட்கக் கோயிலடியில் கூடினோம். ஆளுக்கு ஒரு கை தூரம் விட்டு நின்றோம். எங்கள் ஊரில் இதற்குப் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. காற்றும் மழையும் அடித்து வலை கட்ட முடியாமல் போனால் அந்தப் பாடு போனதுதான். ஏரி யாருக்காகவும் காத்திருக்காது. ஊரில் சாவு விழுந்து வலை கட்டவில்லை என்றால் முறை நிற்கும். காரியம் முடிந்ததும் அதே கூட்டம்தான் போகும். இப்போது வந்திருப்பது காற்றா, சாவா?

"காத்துதான்" என்றார் தலைவர். "காத்துலதான் பரவுதுன்னு டிவில அவுங்களே சொல்றாங்க இல்ல?"

"எந்தக் காத்து மாமா? வாடையா, கச்சானா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

தலைவருக்கு முகம் கறுத்தது. "நக்கலா மாப்ள? சரி, சாவுன்னே வச்சிக்கிறேன். யார் வூட்டு சாவு அது? ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லுங்க, பாப்போம்."

என் வீட்டுக்காரரின் மூச்சு மட்டும் கீச்கீச்சென்று கேட்டது. எல்லார் கண்ணும் அவர் நெஞ்சுக்குப் போனது. நான் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். பெரிய ரோட்டில் எறா ஏற்றும் வியாபாரிகளின் ஐஸ் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அத்தியாவசியம் என்று கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தது. "அவங்க எறாவுக்கு மட்டும் நோய் வராதா?" என்று பெண்கள் கேட்டோம். கயிறு கட்டின தலைவரே அந்தக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சாலை வழியாகப் பொன்னேரிக்குப் போய்வந்தார். அரிசி கேட்கவும், ஏரிக்கு அனுமதி கேட்கவும் அதிகாரிகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அரிசி வந்தது உண்மை. அங்கே அவர் ஐஸ் வண்டிக்காரர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னதும் உண்மை. ஒருநாள் நான் நேராகவே கேட்டேன்: "இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் காப்பு, உனக்கு மட்டும் இல்லியா?" அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "யாராவது ஒருத்தன் போவணும் இல்ல தங்கச்சி" என்றார். அதில் பாரமும் இருந்தது, ஏதோ மறைப்பதும் இருந்தது. எது அதிகம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

எங்கள் முறை கழிந்து தலைவர் கூட்டத்தின் முறை வந்ததும், ஏரியில் வலை போடலாம் என்று உத்தரவு தளர்ந்தது. வருகிற வெள்ளிக்கிழமை காப்பு அவிழ்க்கிறேன் என்றார் தலைவர். "பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். பார்த்தேன். ஊரே பார்த்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தலைவர் துறைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு சேதிதான் வந்தது, அவர் வரவில்லை. உடம்பைக்கூட ஊருக்குக் கொடுக்கவில்லை, அங்கேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். முகம் பார்க்காத சாவை எப்படி நம்புவது என்று அவர் மனைவியான என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். சர்க்கரைதான் அவரைக் கொன்றது, வேறொன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

நோய் வந்த வீடு என்று அவள் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்த் தகரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "அண்ணி" என்று கூப்பிட்டேன். இடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"உன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லு" என்றாள். "எங்க வூட்டுக்காரரு கேட்டாரு இல்ல, யார் வூட்டு சாவுன்னு? எங்க வூட்டுது. ஊருக்கும் சொல்லிட்டேன். சாவுன்னா முறை நிக்கும் இல்ல? உங்க பாடு போவல. போயி வலைய போடுங்க."

அழுகை இல்லாமல் சொன்னாள். அது தருமமா, சாபமா என்று தெரியாமல் நின்றேன். ஊரும் அப்படியே ஒத்துக்கொண்டது: அடைத்துக் கிடந்த நாளெல்லாம் சாவில் சேர்ந்தது, எங்கள் பாடு எங்களுக்கே திரும்பியது. ஆனால் துறையில் கயிறு இருந்தது. கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்று பூசாரி தொட மறுத்துவிட்டார். கட்டின கை இல்லை. கடைசியில் ஆண்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து அதற்கு அடியில் புகுந்து படகுக்குப் போனார்கள்.

அந்தத் தடவை எறா நன்றாகவே பட்டது. விலை சொன்னது அதே ஐஸ் வண்டிதான். முதல் பிடியை அம்மன் வாசலில் வைத்துவிட்டு, ஒரு பாத்திரம் நிறைய நாத்தனாருக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது இல்லை. ஒரு வெற்றிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். என் பாத்திரம் கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கயிறு இல்லாவிட்டால் என் தாலி இருந்திருக்குமா என்று யோசிப்பேன். சுற்றுப்பட்ட ஊர்களில் சாவு விழுந்த வீடுகள் உண்டு. எங்கள் ஊரில் தலைவர் ஒருவர்தான், அதுவும் வெளியே போய்வந்தவர். கயிறுதான் காத்தது என்று சொல்லலாம். அது இல்லாமலும் நாங்கள் பிழைத்திருக்கலாம். நாங்கள் பட்ட பசி கண்ணுக்குத் தெரிந்தது. தப்பித்த உயிர் கண்ணுக்குத் தெரியாது. அதை எந்தத் தராசில் வைப்பது? தலைவர் எங்களுக்காக வெளியே போனாரா, எங்கள் பாட்டைப் பறிக்கப் போனாரா என்று அம்மா முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். அவர் பேரில் ஒரு விளக்கு மட்டும் வைத்துவருகிறேன். சந்தேகத்தோடுதான் வைக்கிறேன்.

கயிறு வெயிலிலும் உப்புக்காற்றிலும் தானாக இற்று, ஒரு மழையில் விழுந்தது. கழி ஒன்று சாய்ந்தபடி இன்னும் நிற்கிறது. இந்த வாரம் எங்கள் பாடு. காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு போன என் வீட்டுக்காரர், அந்த இடம் வந்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"அங்க இன்னா கீதுன்னு குனியற? கயிறுதான் எப்பவோ போயிடுச்சே" என்றேன்.

அவர் நின்று, வெறும் காற்றை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"போயிடுச்சி. சரி" என்றார். "அவுத்துட்டாங்கன்னு யாரு சொன்னது?"