ரிவர்ஸ் அக்காவும் பத்திரச் செலவும்

"இண்டிகேட்டர் போடுங்க. கண்ணாடியப் பாருங்க. இப்ப ரிவர்ஸ். மெதுவா, மெதுவா... பின் சக்கரம் கேட்டுக்கு நேரா வரணும். ஆங், அப்படியே நிறுத்துங்க."

பயிற்சிப் பள்ளியின் கார் அந்தக் குறுகலான தெருவில், சாம்பல் நிறக் கேட் போட்ட ஒரு வீட்டின் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒரு செவிலியர். நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட்டப் பழகுகிறார். ஒரே முயற்சியில் நிறுத்திவிட்ட பெருமையோடு பக்கத்து இருக்கையைப் பார்க்கிறார். பாராட்டு வரக் காணோம். சொல்லிக்கொடுக்கும் அக்கா ஜன்னல் வழியே அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நிறுத்திப் பழக ஊரில் இடமா இல்லை? மைதானம் இருக்கிறது, கிடங்குகளுக்குப் பின்னால் ஆளரவமற்ற அகலச் சாலை இருக்கிறது. ஆனால் கொஞ்ச காலமாக அக்காவிடம் படிக்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கேட்டின் முன்னால்தான் ரிவர்ஸ் எடுத்துப் பழகுகிறார்கள். உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியே ஒருநாள் கேட்டுவிட்டார். "ஏம்மா, உங்ககிட்ட படிச்சவங்க மட்டும் முன்னாடி போறதவிடப் பின்னாடி ஜோராப் போறாங்களே, அது எப்படி?" அன்றிலிருந்து ரிவர்ஸ் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அதில் கோபம் இல்லை. "முன்னாடி போக ஊரே இருக்கு, பின்னாடி போக நான் ஒருத்திதானே இருக்கேன்" என்பார்.

குரல் கொஞ்சம் பெரியது. தொழில் அப்படி. வீட்டிலும் அந்தக் குரலும் அந்தப் பேச்சும்தான். கணவர் சத்தம் போட்டால், "ஹாரன் அடிக்காதீங்க, வழி விட்டுத்தானே நிக்கிறேன்" என்பார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினால், "பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துத் திரும்புடி!" கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஓர் அளவு டேப் இருக்கும். விற்பனைக்கு வந்த அந்த வீட்டை அந்த டேப்பால் மூலை முடுக்கு விடாமல் அளந்தாயிற்று. மகளின் கட்டில் கிழக்கு ஜன்னல் ஓரம். சமையலறையில் மிக்ஸிக்கு ஒரு மேடை. மாடிப்படிக்குக் கீழே கணவரின் கருவிப் பெட்டி. வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய்ச் சேரப் போகிறவர். "அளக்கறதுக்கு இனிமே என்னைத்தாம்மா அளக்கணும்" என்று சிரிப்பார்.

இப்போது இருப்பது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அங்கே கட்டளை. அதனால் கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு மணி காட்டுகிறது. இரவில் நாற்காலியை இழுத்தால் கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார்கள். மகள் பிறந்ததிலிருந்தே மெதுவாக நடந்து பழகிவிட்டாள். அதுதான் அக்காவின் மனதை அறுக்கிறது. ஒரு வீட்டில் அந்தப் பெண் தடதடவென்று ஓட வேண்டும், அதைத் தான் காதால் கேட்க வேண்டும். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. சேமிப்பு ஒரு பங்கு, வங்கிக் கடன் மீதிப் பங்கு. எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் பத்திரம் எழுதுகிறவர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டு நீட்டினார்: முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்துக் கூலி. இதற்கெல்லாம் வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போட வேண்டும். அதைக் கட்டினால்தான் பதிவு, பதிவு நடந்தால்தான் வங்கியின் காசோலை. "யானைக்குக் கடன் குடுக்கறான், அங்குசத்துக்குக் குடுக்க மாட்டேங்கறான்" என்று அக்கா அன்று சிரித்தார். வளையல்களை விற்றார். விடிகாலை வகுப்புகளைக் கூட்டினார். சீட்டுப் போட்டார். தொகை பக்கத்தில் வந்தபோது அரசாங்கம் அந்தப் பகுதியின் நில மதிப்பை உயர்த்தியது. கட்டணமும் கூடவே ஏறிக்கொண்டது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவருக்குப் பொறுக்கவில்லை. "அவர் நல்ல மனுஷன்தானே? ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிக்கிட்டுக் குடிபோயிடலாம். பதிவு மெதுவா பண்ணிக்கலாம்."

"லைசென்ஸ் இல்லாம ரோட்டுல இறங்குன்னு நான் யாருக்காவது சொல்லியிருக்கேனா?" என்றார் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது. அவ்வளவு ஆசை இருந்தும் அந்த வாசலை முறையோடுதான் தாண்டுவேன் என்கிற பிடிவாதம்.

இன்று கேட் திறக்கிறது. மருந்துக்கடைக்காரர் அக்காவின் ஜன்னலருகே வந்து குனிகிறார்.

"சார், அடுத்த மாசம் சீட்டு என் கைக்கு வந்துடும். வந்ததும் பதிவு வெச்சுக்கலாம்" என்று அக்கா முந்திக்கொள்கிறார்.

"தெரியும்மா. நானும் ரெண்டு தடவை தள்ளிப் போட்டுப் பார்த்தேன்." அவர் கேட்டைத் திரும்பிப் பார்க்கிறார். "பொண்ணு டிக்கெட் போட்டுட்டா. முழுப் பணத்தோட ஒருத்தர் வந்து நிக்கிறார். திங்கட்கிழமை பதிவு." சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டுகிறார். "உங்க முன்பணம். அப்படியே இருக்கு. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்கம்மா."

அக்கா உறையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். "நீங்க இவ்ளோ நாள் பொறுத்ததே பெருசு சார். வர்றவங்க இந்த வீட்டுல நல்லா இருக்கட்டும்... போற இடத்துல நீங்களும் நல்லா இருங்க." குரல் எப்போதும்போல் பெரியதாகத்தான் இருக்கிறது. "டீ வேணாம். கிளாஸ் நேரம்."

அவர் உள்ளே போகிறார். கேட் மூடுகிறது. மருத்துவமனையில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர் செவிலியர். அக்காவின் இந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பார்க்கிறார்.

"வண்டிய எடுங்க" என்கிறார் அக்கா. "நேராப் போலாம்."

செவிலியர் முதல் கியர் போட்டு கிளட்சை விடுகிறார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோகிறது. திரும்பவும் சாவியைத் திருகி, நிதானமாக எடுக்கிறார். திரும்பவும் அணைகிறது.

"மன்னிச்சுக்கங்க அக்கா, சரியாத்தான் விட்டேன்... என்ன தப்புப் பண்றேன்னு தெரியல."

செவிலியர் குனிந்து பார்க்கிறார். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்காவின் கால் அதைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருக்கிறது.