துண்டுக்குள் முடிந்த சாக்கடை

இன்று தேவாரத்திலிருந்து போடி போகும் பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், எண்பதுகளில் எங்கள் தெருச் சாக்கடையைக் கட்டிய காண்ட்ராக்டர்.

மேட்டைப் பார்த்துக் கட்டிய சாக்கடை. மழை பெய்தால் இன்றும் எங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

“டெண்டர் உங்களுக்கு எப்படிண்ணே கெடச்சது?” என்றேன்.

அவர் மறைக்கவே இல்லை. “மொத நாளே காண்ட்ராக்டருக எல்லாம் டீக்கடையில கூடிருவோம் தம்பி. மாட்டுச் சந்தை மாதிரி துண்டைப் போட்டு, உள்ள வெரலப் பிடிச்சு, வேலை யாருக்குன்னு முடிச்சிருவோம். மத்தவுக வேணும்னே ரேட்டைக் கூட்டி எழுதுவாக. மறுநாள் கவுன்சில்ல மெம்பருக மேசையத் தட்டி பாஸ் பண்ணிருவாக. சோலி முடிஞ்சது.”

“தண்ணி ஓடுற வாட்டம் யாருண்ணே பாத்தது?”

“அதத்தான் யாரும் பாக்கல.”

அப்பா பத்து வருஷம் அந்தக் கவுன்சிலுக்கு மனு எழுதினார். டீக்கடைக்கு எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் தெரு எந்தத் துண்டுக்குள் முடிந்தது?