பூஜைக்குத் தேய்த்த பிளேடு

போன கிழமை பதுளையில் பசறை பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் செல்வம். என்னோடு ஒன்றாகப் படித்தவன். நமுனுகுல பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். இடது கையில் இரண்டு விரல் இல்லை. நகர்ந்து இடம் தந்தான்.

“எப்படிடா இருக்க?” என்றேன்.

“இருக்கேன் மச்சான். இப்ப மெஷின் பக்கம் விடுறதில்ல. கொழுந்து நிறுக்கிற எடத்துல போட்டிருக்காங்க.” இடது கையை மடியில் வைத்துக்கொண்டான். “அன்னைக்கு ஃபேன் பிளேடு மாட்டின ஒவ்வொரு போல்ட்டா நெனச்சுப் பாக்குறேன். நாலு முறுக்கினது ஞாபகம் இருக்கு. அஞ்சாவது மட்டும் வர மாட்டேங்குது. அதத்தான் சரியா முறுக்காம விட்டிருப்பேன் போல.”

அந்த ஐந்தாவது போல்ட்டில் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தெரியும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் அரசியலும் அரிசி விலையும் எழுதுகிறவனுக்குச் சோறு போடுவது வேறு வேலை — உலோகச் சாமான்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தேடுவது. சாமானைக் கழுவி, ஒளிரும் சாயத் திரவம் ஒன்றைப் பூசி வைப்போம். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதற்குள் ஊறிவிடும். மேலே இருப்பதைக் கழுவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவி, இருட்டில் ஊதா விளக்கைப் பிடித்தால்... உள்ளே பதுங்கிய சாயம் பச்சைக் கோடாக மினுங்கும். கோடு இருந்தால் சாமான் குப்பைக்கு. இல்லாவிட்டால் என் கையெழுத்து.

செல்வத்தின் ஃபெக்டரியில், கொழுந்து வாட்டுகிற தொட்டிக்குக் காற்று அடிக்கும் ஃபேன் பிளேடுகளைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனது ஆயுத பூஜை அன்று. மெஷின் நிற்பது பூஜையை ஒட்டித்தானே?

நம் ஆட்களுக்குப் பூஜை என்றால் சும்மாவா? பேனையிலிருந்து பஸ் வரைக்கும் குளிப்பாட்டிப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். செல்வம் ஐந்து பிளேடையும் கழற்றி, முந்திய நாள் முழுக்க எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தான். முகம் பார்க்கலாம். வாழை இலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்துத் தயாராக நின்றான்.

“எப்படி மச்சான்?” என்றான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கேதான் சிக்கல். அலுமினியம் மெத்தென்ற உலோகம். அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். சாயம் உள்ளே போகாது. போகாத சாயம் எப்படி மினுங்கும்? அப்படித் தேய்த்த சாமானை மருந்துத் தண்ணீரில் போட்டு, மேல்தோலைக் கொஞ்சம் அரித்து எடுத்த பிறகுதான் சோதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பயிற்சியில் முதல் வாரம் சொல்லித் தந்த பாடம்.

ஆனால் அரை நாள் வேலை. பளபளப்பு முழுக்க மங்கிப்போகும். பூசாரி வந்தாயிற்று, ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வேட்டியோடு நிற்கிறார், பிள்ளைகள் சுண்டலுக்குக் காத்திருக்கிறார்கள். இவன் முகத்தைப் பார்த்து, ‘உன் ஒரு நாள் உழைப்பைக் கெடுக்கப் போகிறேன்’ என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஸ்டோர் அறை ஜன்னலைச் சாக்கால் மூடி, சாயம் பூசி, விளக்கைப் பிடித்தேன். ஒரு கோடும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். சுண்டலும் சாப்பிட்டேன்.

மூன்று கிழமையில் ஒரு பிளேடு அடியோடு பிய்ந்து, கம்பி வலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற செல்வத்தின் விரல்கள் போயின.

கேள்விப்பட்டு ஓடினேன். உடைந்த இடத்தைப் பார்த்தேன் — பாதி புது வெள்ளை, பாதி பழைய கறுப்பு. கறுப்பென்றால் நாள்பட்டது; பூஜைக்கு முன்பே அந்த வெடிப்பு அங்கே இருந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். “போல்ட் லூஸா இருந்திருக்கும்” என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

பஸ்ஸில் அவ்வளவையும் அவனிடம் சொன்னேன். அடுத்த நாள் தோட்டத்து மேனேஜர் துரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு மாதம் பிந்திய கடிதத்துக்கு யாரும் மாலை போடப் போவதில்லை. செல்வத்தைப் பழைய வேலைக்கு எடுப்பார்களா என்பது இன்னும் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பஸ்ஸில் நான் பேசி முடிக்கும்போது பசறை டவுன் வந்துவிட்டது.

“அப்ப எம்மேல பிழையில்லையா?” என்றான் செல்வம்.

“இல்லடா.”

“வீட்டுக்கு வந்து எம் பொஞ்சாதிகிட்ட இத ஒருக்கா சொல்லிட்டுப் போறியா மச்சான்? அவளும் என் கவனக்கொறைவுன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா.”

போனேன். லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிளேன்டீயோடு திரும்பி வந்தார். “சீனி போதுமாண்ணே?” என்று கேட்டார்.

இரண்டு பேரில் ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம்.