பெல்ட்டுக்கு மூடி இல்லை என்று எழுதினேன்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்குக் கொழுந்து வாட்டும் மேல்மாடி. நீளத் தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பிவிட்டால் அடியிலிருந்து காற்று மெல்ல ஏறிவரும். ஜன்னல் வழியே பனிமூட்டம் நுழைந்து கொழுந்தின் மேல் படுத்துக்கொள்ளும். ஈரப்புல்லும் பழுத்த பழமும் கலந்த அந்த வாசத்தில், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். ஹாலிஎல பக்கம் ரயில் ஊதினால் நான் அதில் ஏறிவிடுவேன். ஒரு நாள் தாதியாக இறங்குவேன், ஒரு நாள் ஆசிரியையாக, ஒரு நாள் எங்குமே இறங்கமாட்டேன்.

ஒரு காலை கீழே, வாடிய கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர் அறையில் ஆள் குறைந்தது. ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அக்காகூட நில்லும்மா. கொழுந்த அள்ளிப் போட்டா போதும்."

அக்கா எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளி இருப்பவர். ரோலர் வட்டமாக ஆடிச் சுற்றியது. பார்த்துக்கொண்டே நின்றால் அறையே அதனோடு மெதுவாகச் சுழல்வது போலிருந்தது. ஓரடி பின்னால் வைத்தேன். துப்பட்டாவின் நுனி ரோலரை ஓட்டும் பெல்ட்டில் மாட்டியது. கழுத்து சுண்டி இழுபட்டது. அவ்வளவு இரைச்சலும் அடங்கி, தண்ணீருக்கடியில் இருப்பது போல ஓர் அமைதி. பிறகு மெஷின் நின்றிருந்தது. அக்கா ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருக்கிறார்.

"மூச்ச விடுடி. நல்லா விடு," என்று துப்பட்டாவை அறுத்தார்.

பெல்ட்டை மூட வேண்டிய இரும்புத் தகடு சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே வரும்போதே அதைப் பார்த்திருந்தேன். என்னவென்று தெரியவில்லை.

டீமேக்கர் வந்தார். "துப்பட்டா போட்டுக்கிட்டு மெஷின்கிட்ட நிக்கலாமா? தப்பு ஒம்மேலதான். அப்படியே எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து அம்மா விபத்துப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"என்ன எழுதணும் மிஸ்?"

"அதை நான் சொல்லக்கூடாது பிள்ளை. நடந்ததை அப்பிடியே எழுதும்."

எழுதினேன். துப்பட்டா அணிந்திருந்தேன். பெல்ட்டுக்கு மூடி இல்லை. மெஷினைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டீமேக்கர் அதை இரண்டு தடவை வாசித்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போனார். பின்னேரம் தகட்டைப் பூட்ட ஆள் வந்தது.

"ரெண்டு வருஷமா செவுத்துலதான் கெடந்துச்சு," என்றார் அக்கா. "நாங்களும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்."

பரீட்சை முடிவு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. பதுளையில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்து, துறை என்ற இடத்தில் இயந்திரப் பராமரிப்பு என்று நிரப்பினேன். வீட்டில் அம்மா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் மெஷின்கிட்டயா போவ?"

"ஆமாம்மா. இந்தத் தடவ தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

பயிற்சியில் சேர்ந்த இரண்டாம் மாதம் நீல நிற வேலையுடுப்பு தந்தார்கள். எனக்கு மிகப் பெரிது. கழுத்துவரை பொத்தான், கைகளை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. கழற்ற மனமில்லாமல் அதோடேயே பஸ் ஏறினேன். வளைவுகளில் மலை ஒருமுறை வந்து ஒருமுறை மறைந்தது. பக்கத்திலிருந்த ஒருவர், "வேலை எங்கேம்மா?" என்று கேட்டார். படிக்கிறேன் என்று சொன்னேன்.