இலட்சுமிப்பிள்ளையின் முகம்

மண்கும்பானில் யோகாம்பாள் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். யோகம் ரீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தார். துணியில் பூவேலை செய்வதற்கு முதலில் பென்சிலால் உருவம் கீற வேண்டும். அதை அவர் எதையும் பாராமல், மனத்திலிருந்தே கீறிவிடுவார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

1961இல் ஒருநாள் தலையணை உறையொன்றில் மயில் கீறி நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு நல்லம்மா வந்து பார்த்தார்.

"கோழி நல்ல வடிவாயிருக்கு, ரீச்சர்."

நல்லம்மா பகிடி பண்ணவில்லை. உண்மையாகவே பாராட்டினார். அதுதான் யோகாம்பாளைச் சுட்டது.

கணவர் தியாகலிங்கம் ஊர்காவற்றுறை பஸ்ஸில் கண்டக்டர். வேலை முடிந்து வந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீர் மயிலைக் கண்டிருக்கிறீரோ?"

"கோயில் வாகனத்திலை கண்டனான்."

"அது மரமெல்லோ."

அடுத்தநாள் யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலிருந்து மயில் படம் போட்ட பழைய கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்துக் கீறுவது பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது போல என்று யோகாம்பாள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டார். மயிலின் கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பட்டை இருந்தது. கழுத்து அவர் நினைத்த இடத்தில் வளையவில்லை. இத்தனை காலமும் பறவையையல்ல, தன் நினைப்பையே கீறிவந்திருப்பது அப்போது அவருக்கு விளங்கியது.

அதன்பிறகு வீட்டுக்கு வரும் படங்களெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போயின. கலண்டர் தாள், முத்திரை, நெருப்புப்பெட்டி மூடி, பயணிகள் பஸ்ஸில் விட்டுப்போன சஞ்சிகைகள். ஒவ்வொன்றையும் மூன்று தரம் கீறுவார். முதலில் பார்த்து. பிறகு கட்டம் போட்டு அளந்து. கடைசியில் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு. நிமிர்த்திப் பார்க்கும்போது எதை மறந்தோம் என்பது தெரியும். மறந்தவை எப்போதும் ஒரே மாதிரியான விஷயங்கள்தான்: மூட்டுகள், விரல்கள், காது.

ஒரு படத்தை மட்டும் நம்பவும் கூடாது என்று போகப்போகக் கண்டுகொண்டார். கலண்டரில் இருந்த ஆட்டின் முழங்காலைத் தன் வளவில் நின்ற ஆட்டோடு ஒப்பிட்டார். கலண்டர்க்காரர் பிழைவிட்டிருந்தார். கை கீற வேண்டுமென்றால் தியாகலிங்கத்தைக் கதிரையில் இருத்தி ரிக்கற் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்வார். அவர் அப்படியே நித்திரையாகிவிடுவார். கையை மட்டும் அசைக்க மாட்டார்.

1973இல் நல்லம்மாவின் தாய் இலட்சுமிப்பிள்ளை காலமானார். அவருக்குப் படம் என்று ஒன்றும் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஊருக்கு ஆள் வந்த அன்றும், காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். முதல் வருடத்து ஆட்டத்திவசத்துக்கு மூன்று மாதம் இருக்க, நல்லம்மா யோகாம்பாளிடம் வந்தார்.

"அம்மாவை ஒருக்கால் கீறித் தாருங்கோ, ரீச்சர்."

"பாராமல் கீற எனக்கு ஏலாது, நல்லம்மா அக்கா. கோழி வந்திடும்."

நல்லம்மாவுக்குக் கோழி ஞாபகமில்லை. கண் கலங்கியபடி நின்றார். யோகாம்பாள், "அவவின்ரை சாயலிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

நெடுந்தீவில் தம்பி மார்க்கண்டு இருந்தார். அச்சு அசல் அக்காதான் என்று ஊரே சொல்லும். ஒரு சனிக்கிழமை இரண்டு பெண்களும் லோஞ்சுப் படகில் போனார்கள். அலை குலுக்கியதில் வழிநெடுக நல்லம்மா சத்தி எடுத்தார். கரையிலிருந்து கல்வேலி ஓரமாக நடந்து வீட்டை அடைந்தபோது, மார்க்கண்டு மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"எழுபது வயசிலை என்னைப் பொம்பிளையாக்கப் போறியள்."

ஆனாலும் சால்வையைச் சேலைத் தலைப்புப் போலத் தோளில் போட்டுக்கொண்டு பின்னேரம் வரை இருந்தார். யோகாம்பாள் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீறினார். மார்க்கண்டுவின் அடையாள அட்டைப் படத்தையும் பார்த்துக் கீறினார். புறப்படும்போது மார்க்கண்டு, "அக்காவுக்கு நாடி என்னிலும் பார்க்கச் சின்னது" என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் முதல் படம் முடிந்தது. நல்லம்மா பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். தாளைக் கையில் வாங்கவில்லை. அவர் போனபின் தியாகலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"மார்க்கண்டு அண்ணை சேலை உடுத்திருக்கிறார்."

யோகாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. தனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சாயல் இருந்தது, ஆள் இல்லை. அடுத்த வாரம் முழுக்க நல்லம்மா வரும்போதெல்லாம் தாளை மடியில் வைத்துக்கொண்டு அவரைக் கதைக்க விட்டார். தாயைப் பற்றிச் சொல்லும்போது நல்லம்மா தலையை இடப்பக்கம் சரித்து, கீழுதட்டை மெல்ல உள்ளே இழுப்பார்.

"அம்மாவும் இப்படித்தான் கதைப்பாவோ?"

"எப்படி?" என்றார் நல்லம்மா. அவருக்கே தெரியாது.

மார்க்கண்டுவின் நெற்றியும் மூக்கும், நல்லம்மாவின் உதடும் கழுத்தின் சரிவும், சின்னதாக்கிய நாடியுமாக இரண்டாவது படம் வந்தது. நல்லம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இவ இவ்வளவு திருநீறு பூசமாட்டா. மூண்டு விரலாலை ஒரு இழுவைதான். தோடும் இன்னும் கீழை தொங்கும். காது நல்லா இழுபட்டுப் போச்சு இவவுக்கு."

யோகாம்பாள் அழிரப்பரை எடுத்தார். நல்லம்மா படத்தைப் பார்த்து, தாய் எதிரில் இருப்பது போல, "இவ" என்று சொன்னது அவருக்குப் போதுமாயிருந்தது.

திவசத்தன்று மார்க்கண்டு நெடுந்தீவிலிருந்து வந்தார். படத்துக்கு முன்னால் நின்று, "அக்கா என்னிலை கோவமாயிருக்கிறா போலை" என்றார். பிறகு அதற்கு நேர் கீழே இருந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டு தரம் வாங்கினார்.

செய்தி தீவெல்லாம் பரவியது. படமில்லாமல் போய்ச் சேர்ந்தவர்களின் முகத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். யோகாம்பாள் எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்பார்: "சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." 1979இல், வேலிச் சண்டையில் ஏழு வருடம் கதையாமல் இருந்த அக்காவும் தங்கையும், தகப்பனின் புருவம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவருடைய விறாந்தையில் பக்கம் பக்கமாக இருக்க வேண்டிவந்தது. முதல்நாள் இருவரும் ரோட்டையே பார்த்தார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், "உன்ரை புருவந்தான் அப்பான்ரை" என்றார் அக்கா. தங்கை வெற்றிலைத் தட்டத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். யோகாம்பாள் நிமிரவில்லை. புருவம் நல்லாக வந்துகொண்டிருந்தது.