நல்லாப் பாத்துக்கடா, முரளி

முந்திரிப் பூவுக்கு மணம் உண்டு என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பாக்கெட்டில் அடைத்த பருப்பைத்தான் எல்லாருக்கும் தெரியும். மாசி மாதத்துக் காலையில், பனி முழுசாக விலகுவதற்குள், கடலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புக்குள் காலை வைத்தால் வெல்லப்பாகு காய்ச்சுகிற வீட்டுக்குள் நுழைந்ததுபோல ஒரு தித்திப்பு மூக்கில் ஏறும். சருகு செருப்புக்கடியில் நொறுங்க, தலைக்கு மேலே தேனீக்கள் இரைந்துகொண்டிருக்க, அப்பா ஒரு கிளையை வளைத்து என் தம்பி முரளியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "இந்தப் பூவுல ரோஸ் கோடு ஓடுது பாரு, நல்லாப் பாத்துக்கடா" என்பார். எனக்கும் அந்தக் கோட்டைப் பார்க்க ஆசைதான், ஆனால் கிளை என் பக்கம் வருவதற்குள் அப்பா அதை விட்டுவிடுவார்.

முதுநகர் ரயிலடிக்குப் பின்னால் இரண்டே அறை கொண்ட வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா மருந்துக் கடையில் வேலை பார்த்தார், அம்மா வீட்டில் இருந்தாள், நான் மூத்தவள், முரளி என்னைவிட நாலு வயது சின்னவன். அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் அது அதிசயமே இல்லை, வீட்டுக்கு ஒரு ஜோடியாவது அப்படி இருக்கும்; கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அம்மா அவரை "மாமா, மாமா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முரளிக்கு ஆறு வயதானபோது பொழுது சாய்ந்தால் வாசற்படி தட்டி விழ ஆரம்பித்தான். "மாலைக்கண்ணு, பொன்னாங்கண்ணிக் கீரை குடு, சரியாப் பூடும்" என்று தெருவே வைத்தியம் சொன்னது. அடேயப்பா, அந்த வருஷம் நாங்கள் தின்ற கீரைக்கு ஒரு ஆட்டுமந்தையே வளர்ந்திருக்கும். கீரைக்கு மசியாததால் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே டாக்டர் அவன் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பாவிடமும் அம்மாவிடமும் முதலில் கேட்டது, "சொந்தத்துல கட்டினவங்களா?" என்று. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாராம்: பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே வரும், கடைசியில் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் மிஞ்சும், பதினைந்து பதினாறு வயதில் அதுவும் போய்விடலாம், மருந்து கிடையாது. மூத்தவளுக்கு ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அது அவள் அதிர்ஷ்டம் என்றாராம்.

இதில் ஒரு வார்த்தைகூட எனக்கோ முரளிக்கோ அப்போது தெரியாது. பாண்டியிலிருந்து வந்த பிறகு பல நாள் அம்மா அப்பாவை "மாமா" என்று கூப்பிடாமல், "தோ பாருங்க", "இந்தாங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்ததை மட்டும் கவனித்தேன்; ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த மாசியில் ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஊரில் மழையும் புயலும் விடாது. மார்கழி தையில் பனிமூட்டம் வெகுநேரம் எதையும் கண்ணில் காட்டாது. சித்திரை பிறந்துவிட்டால் வெயில் அவன் கண்ணைக் கூசவைக்கும். நடுவில் கிடைப்பது மாசியும் பங்குனியும்தான். அந்த எட்டு ஒன்பது ஞாயிறுகளுக்குள் உலகத்தைக் காட்டி முடித்துவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். விடிந்தும் விடியாமல் அம்மா புளிச்சோற்றைக் கிளறி எவர்சில்வர் தூக்கில் அடைப்பாள். அக்கம்பக்கத்தில் எங்களுக்கு "டூரிஸ்ட்டு குடும்பம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஊர் ஊராக சாமிகள் வந்து இறங்குவதையும், சிதம்பரத்தில் கோபுரவாசல் சுவரில் வரிசையாக நின்று ஆடுகிற கல் பெண்களையும், அறுத்த வயலில் பனியை மட்டுமே குடித்து உளுந்துச் செடி காய் பிடிப்பதையும் பார்த்தோம். பார்த்தோம் என்ன, முரளி பார்த்தான். நாங்கள் கூடப் போனோம். ரயிலில் ஜன்னலோரம் அவனுக்கு, கூட்டத்தில் அப்பாவின் தோள் அவனுக்கு, உளுந்துக் காயை உரித்துக் காட்டினால் முதல் காய் அவனுக்கு.

வீடு திரும்பியதும் ஒரு விளையாட்டு உண்டு. முரளி பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் சொல்ல வேண்டும். கடல் என்ன நிறம், சாமிக்கு என்ன நிறத்துப் பட்டு, கல் பெண்ணின் எந்தக் கால் தூக்கியிருந்தது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. அவன் தடுமாறினால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். "நீ சும்மா இரு புள்ள, அவன் சொல்லட்டும்" என்று அப்பா அதட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற வேலை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? மகன்மீது கொள்ளைப் பாசம், மகள் ஒரு பொருட்டில்லை, அவ்வளவுதான் என் கணக்கு.

இரண்டு மாசி பங்குனி இப்படிப் போயின. மூன்றாவது வருஷம், எனக்குப் பன்னிரண்டும் அவனுக்கு எட்டும் நடந்துகொண்டிருந்தபோது, பிச்சாவரம் போனோம். முதுநகரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் கிள்ளையில் இறங்கி, அங்கிருந்து போய்ச் சேர்ந்தால், உப்பங்கழிக்குள் சுரபுன்னைக் காடு. துடுப்புப் படகு. மூக்குப் பக்கத்துப் பலகையில் ஒருவர்தான் உட்காரலாம், அங்கிருந்துதான் எல்லாம் மறைப்பில்லாமல் தெரியும். அப்பா வழக்கம்போல முரளியைத் தூக்கினார்.

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. கரையிலேயே நின்றுகொண்டு, "எப்பப் பாரு அவனுக்கே! நான் என்ன தவிட்டுக்கு வாங்கின புள்ளயா?" என்று கத்தினேன். படகுத்துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. முரளிதான், "அக்கா ஒக்காரட்டும்ப்பா, திரும்பி வரசொல்ல நான் ஒக்காந்துக்கறேன்" என்று இறங்கிப் போய் நடுப்பலகையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெயித்துவிட்ட திமிரில் நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அகலமான தண்ணீரிலிருந்து படகு ஒரு சின்ன வாய்க்காலுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் காலூன்றி நிற்க, கிளைகள் தலையில் உரசின. படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "குனிஞ்சிக்குங்க. அது தில்லை மரம். பால் கண்ணுல பட்டுதுன்னா கண்ணே பூடும்" என்றார். அவ்வளவுதான், அம்மா பதறிப்போய் முந்தானையால் முரளியின் முகத்தை இறுக்கிப் பொத்தித் தன் மடியோடு அமுக்கிக்கொண்டாள். எந்தக் கண்ணை எதிலிருந்து காப்பாற்றினாளோ, பாவம் அம்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் நீர்நாய்கள் வந்தன. தாயும் மூன்று குட்டிகளும். வேர்களுக்கிடையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்து, தலைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, படகுக்கு முன்னால் இடப்பக்கமாகவே வரிசையாக நீந்தின. "இருவது வருசமாப் படகு தள்றேன், குட்டியோட பாத்ததில்ல" என்று படகுக்காரரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் எழுந்து நின்று, "முரளி, சீக்கிரம் பாருடா" என்று கூவினேன். அவன் முந்தானையைப் பிய்த்துக்கொண்டு தலையை நீட்டி, "எங்கக்கா? எங்க?" என்று வலப்பக்கம் பார்த்தான். நீர்நாய்கள் இடப்பக்கம். "அங்கடா!" என்றேன். அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். "அங்க, தண்ணில!" அவன் தலை இங்கேயும் அங்கேயும் அலைந்தது, அதற்குள் கடைசிக் குட்டியும் முங்கிவிட்டது.

"குருடா! கண்ணு என்ன பொட்டையா உனக்கு?" என்றேன்.

தெருவில் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லிக்கொள்கிற வார்த்தைதான். நியாயமாக முதுகில் ஒரு அறை விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா துடுப்புக்காரரிடம், "திருப்புங்கண்ணே, போதும்" என்றார். கரைக்கு வந்து சேரும் வரைக்கும் அம்மா விசும்பிக்கொண்டே வந்தாள். வரும்போது தனக்குத் தருவதாக இருந்த முன்பலகையை முரளி கேட்கவே இல்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

கிள்ளை ஸ்டேஷனில் சாயங்கால பாசஞ்சருக்காக சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவன் கேட்டான்: "அம்மா, பசங்க என்னை எவ்ளோ திட்டினாலும் நீ அழ மாட்டியே. அக்கா குருடான்னு சொன்னதுக்கு மட்டும் ஏன் அழுவுற?" எட்டு வயது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அவனைத் தன் தொடைக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதைச் சொன்னார். இன்னும் நாலைந்து வருஷம் சொல்லாமல் இருக்க வேண்டும், பயம் தெரியாமல் பிள்ளை பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று இரண்டு பேரும் கட்டிக் காத்ததை, நான் ஒரு வார்த்தையில் உடைத்துவிட்டேன். நானும் அந்த பெஞ்சில்தான் முதல் தடவையாக அதைக் கேட்டேன். செத்துப்போய்விடலாம் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு அம்மா புளிச்சோறு கட்டினாள், அப்பா சட்டை போட்டுக்கொண்டார். முரளி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரல. பாத்து இன்னா ஆவப்போவுது?" என்றான். அப்பா கெஞ்சினார், கொஞ்சினார், "உனக்குப் பிடிச்ச எடமாச் சொல்லுடா, போலாம்" என்றார். கடைசியில் நாலு பேரும் அந்தப் புளிச்சோற்றை வீட்டிலேயே உட்கார்ந்து தின்றோம். அதற்கடுத்த மாசியிலும் அப்பா கேட்டுப் பார்த்தார், அதற்கும் அடுத்த மாசியிலும். அவனுக்குப் பதினைந்து வயது வரைக்கும் நடுப்பார்வை நன்றாகவே இருந்தது. இன்னும் ஆறு ஏழு வசந்தம் மிச்சமிருந்தது. அத்தனையையும் அவன் அந்த இரண்டு அறைக்குள்ளேயே கழித்தான். சில சமயம் இரண்டு கைகளையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஆட்டி, எதுவரைக்கும் தெரிகிறது என்று சோதித்துப் பார்ப்பான். அதை நான் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிப்போனேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தாலாவது ஆறியிருக்கும். நானே எனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டேன்: அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவேன், அவன் முன்னறையில் இருந்தால் நான் பின்னறையில் படிப்பேன், படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். பிறகு சிதம்பரத்தில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது அவன் கோலோடு நடந்துகொண்டிருந்தான்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நாங்கள் போன முந்திரித் தோப்பு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த மனைக்கற்களாகி, ஏதோ ஒரு "நகர்" என்று வளைவு வைத்திருக்கிறார்கள். பிச்சாவரத்தில் மோட்டார் படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள். முரளி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். சொந்தத்தில் கட்டாமல் அசலில் பெண் எடுத்தான். மகள் நிலாவுக்கு ஏழு வயது, கழுகுக் கண்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நிலாவின் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு செய்ய வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்: ஐந்து பறவைகளைப் பார், மூன்று இலைகளை ஒட்டு, பெரியவர்களிடம் அவர்கள் சின்ன வயதில் பார்த்ததைக் கேட்டு எழுது. அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அப்பா, உனக்கு எது நல்லா ஞாபகம் இருக்கு?" என்றாள்.

"எங்கம்மா மூஞ்சி" என்றான் முரளி, யோசிக்காமலே. "வீட்டுலயே கெடந்தேன் இல்ல, ஆறு வருசமும் அம்மாவையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். அரிசி பொடைக்கறப்ப உதட்டை மடிச்சிக்குவாங்க. அப்பா ஷேவ் பண்ணிக்கறது ஞாபகம் இருக்கு. அதெல்லாம் இப்பவும் அப்படியே தெரியும்."

"அத்தை?"

டம்ளரை மேஜையில் தடவி வைத்துவிட்டு அவன் சிரித்தான். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்: "அத்தை மூஞ்சி மட்டுந்தான் எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குதுடி. அப்பல்லாம் அவ என் எதிர வந்து ஒக்காரவே மாட்டா."

அவன் அதைச் சொன்னபோது, அந்த மேஜைக்கு இந்தப் பக்கம், அவனுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.