'ட' வடிவப் பங்கரும் என் குசினியும்

லண்டனில், இல்ஃபோர்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பங்கர் ஒன்று இருந்தது. குண்டு விழும்போது ஆட்கள் பதுங்குவதற்கு, பாதி மண்ணுக்குள் புதைத்த, வளைந்த தகரக் கூடு. எனக்கோ குசினியைப் பின்பக்கம் நீட்ட வேண்டும். இரண்டு பேர் நின்று சமைத்தால் மூன்றாவது ஆள் பிரிட்ஜுக்குள் ஏறவேண்டிய குசினி அது. நீட்டினால் நேரே அந்தத் தகரத்தில்தான் முட்டும். என் மனுசன் அதில் கைவைக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நின்றதோடு விட்டாரா, திருத்தவும் தொடங்கினார். "வெள்ளைக்காரருக்குப் பங்கர் வெட்டத் தெரியேல்லை," என்றார். நேர்வாசல் வைத்திருக்கிறார்களாம், குண்டுச் சிதறல் கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்துவிடுமாம். யாழ்ப்பாணத்தில் வெட்டியதுபோல 'ட' வடிவில் ஒரு வளைவு தோண்டினார். பாசுமதி அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பி வாசலில் அடுக்கினார். எண்பது வருடத்துக்கு முன் முடிந்த சண்டைக்கு இப்படி ஆயத்தமான மனுசனை நான் கண்டதில்லை.

போதாததற்கு உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கும் எழுதிப்போட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சங்கத்திலிருந்து வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கொப்பியும் பேனாவுமாக வந்தார். பங்கர் பழையபடியே இருந்தால், இடிக்க விடவேண்டாம் என்று கவுன்சிலுக்கு எழுதுவாராம். என் குசினி அவருடைய பேனா முனையில் நின்றது. வடை சுட்டு ஒரு தட்டு நிறையக் கொண்டுபோனேன். லஞ்சம்தான், வேறென்ன.

கிழவர் வளைவைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். லண்டனில் இப்படி ஒன்றைத் தான் கண்டதேயில்லை என்றார். சாக்கில் இருந்த அரிசி விளம்பரத்தையும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"போன மாசம் வெட்டினது எண்டு சொல்லுங்கோவன்," என்று மனுசனின் காதுக்குள் சொன்னேன்.

"பொறும்," என்றார்.

பிறகு இரண்டு ஆண்களும் போட்டிக்கு இறங்கினார்கள். முதலாம் போரின் தொடக்கத்தில் விமானிகள் குண்டைக் கையால் எறிந்தார்கள் என்றார் கிழவர். அடுத்த போரில் நூற்றுக்கணக்கான விமானங்கள் கூட்டமாக வந்து நகரங்களை எரித்தன. லண்டன் எரிந்தது, பிறகு நாங்கள் போய் ஜெர்மன்காரரின் நகரங்களை இன்னும் மோசமாக எரித்தோம் என்று மெல்லச் சொன்னார். எங்கள் ஊரிலும் அதே வளர்ச்சிதான் என்றார் இவர், விட்டுக்கொடுக்காமல். முதலில் அரசாங்கப் படையினர் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டார்கள். பிறகு, நாங்கள் சகடை என்று கூப்பிட்ட பாரமான விமானத்திலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். ஒருமுறை பீப்பாய்க்குள் மலமும் வந்தது. அதை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் கிழவர் பேனாவைத் தூக்கியபடி நின்றார். அந்தச் சுற்றில் வென்றது எங்கள் ஊர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கூரைகளுக்கு மேலால் ஒரு ஹெலி தாழப் பறந்தது. பொலிஸோ, ஆஸ்பத்திரியோ, தெரியாது.

அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது இருட்டு. வளைவுக்கு அந்தப்பக்கம், மண்சுவரோடு ஒட்டிக் குந்தியிருக்கிறேன். இரண்டு காதிலும் விரல். குண்டு விழும்போது காதுச்சவ்வு கிழியாமலிருக்கப் பல்லுக்கிடையில் தடியைக் கடிக்கவேண்டும் என்று சின்ன வயதில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். தடி கிடைக்காததால் ஒரு வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். வளைவால் கிழவரின் முகம் எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் இவர். இவர் சிரிக்கவில்லை.

வெட்கத்தில் செத்துப்போனேன்.

"உள்ளுக்குச் சிதறல் ஒண்டும் வரேல்லைத்தானே?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

வடையை எடுக்காமலே இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் இவர் தானாகவே கிழவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். புதிதாக வெட்டியதைப் பாதுகாக்கச் சொல்லி எழுத முடியாது, தாராளமாக இடிக்கலாம் என்று கிழவர் கொப்பியை மூடினார். மிச்ச வடையையும் கட்டிக்கொண்டு போனார். நான் வென்றுவிட்டேன்.

அடுத்த கிழமை கட்டட வேலைக்காரர் வந்து, குசினியை எவ்வளவு தூரம் நீட்டுவது என்று கேட்டார். தகரத்துக்கு நாலடி இப்பால் நிறுத்தச் சொன்னேன். பின்கதவை அந்தப் பங்கர் வாசலுக்கு நேரே வைக்கச் சொன்னேன்.